வாசகர் கேள்வி – பதில்: காப்பகத்திலிருந்து ஓர் உயிரை வீட்டுக்கு அழைக்குமுன்

கைவிடப்பட்ட நாய்களையும் பூனைகளையும் பராமரிக்கும் காப்பகங்களிலிருந்து ஒன்றைத் தத்தெடுத்து வளர்க்க விரும்பும் வாசகர்கள் பலர் அண்மையில் எழுதியிருக்கிறார்கள். கடிதங்கள் ஏறத்தாழ ஒரே விடயத்தைச் சுற்றியே அமைந்திருந்தமையால், இவ்விதழில் இப்பகுதி முழுவதையும் அதற்கே ஒதுக்கியுள்ளோம். பதில்களை எழுதுபவர் வடக்கில் நீண்ட காலம் பணியாற்றி ஓய்வுபெற்ற கால்நடை வைத்தியர்.

கேள்வி: எங்களுக்கு எட்டு வயதில் ஒரு மகளும் பதினொரு வயதில் ஒரு மகனும் இருக்கிறார்கள். இயக்கச்சியில் சிவபூமி அறக்கட்டளையினர் நடத்தும் நாய்கள் சரணாலயத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட நாள் முதல், எங்கேயாவது ஒரு காப்பகத்திலிருந்து ஒரு நாய்க்குட்டியை எடுத்து வளர்ப்போம் என்று இருவரும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். நானும் கணவரும் வேலைக்குப் போகிறவர்கள். முன்னேற்பாடாக என்னென்ன செய்ய வேண்டும்?
— ஒரு தாய், கொக்குவில்

பதில்: பிள்ளைகளின் விருப்பம் நல்ல விருப்பம். ஆனால் வரப்போகும் நாய்க்கு உண்மையான பொறுப்பாளிகள் நீங்களும் கணவரும்தான். நல்ல பராமரிப்பில் உள்ள ஊர் நாய் பத்து முதல் பதினைந்து ஆண்டுகள் வரை வாழும். இன்று எட்டு வயதில் இருக்கும் மகள் உயர்தரப் பரீட்சை எழுதிப் பேராதனைக்கோ கொழும்புக்கோ படிக்கப் போகும் காலத்திலும் அந்த நாய் உங்கள் வாசலில் படுத்திருக்கும். அப்போது அதன் கண் மங்கியிருக்கும், மூட்டு வலிக்கும், மருந்துச் செலவும் கூடியிருக்கும். ஆகையால், “நான்தான் சோறு வைப்பேன், நான்தான் குளிக்க வார்ப்பேன்” என்று பிள்ளைகள் தரும் வாக்கை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் அந்த வாக்கின் மேல் கட்டாதீர்கள். காலையில் உணவு வைப்பவர் யார், ஊசிக்குக் கொண்டுபோகிறவர் யார், நல்லூர்த் திருவிழாக் காலத்திலும் குடும்பமாக வெளியூர் போகும் நாட்களிலும் பார்த்துக்கொள்பவர் யார் என்பவற்றை நீங்கள் இருவரும் தனியாக இருந்து பேசித் தீர்மானியுங்கள். வீட்டில் மாமியார், தாயார் போன்ற பெரியவர்கள் இருந்தால் அவர்களின் சம்மதமும் வேண்டும், ஏனெனில் பகல் முழுவதும் அந்த விலங்கோடு இருக்கப் போகிறவர்கள் அவர்களே.

இருவரும் வேலைக்குப் போகும் வீட்டுக்கு நான் குட்டியைப் பரிந்துரைப்பதில்லை. இரண்டு மாதக் குட்டிக்கு நாளொன்றுக்கு மூன்று, நான்கு தடவை உணவு வேண்டும். எட்டு மணி நேரம் தனித்திருக்க அதனால் இயலாது. ஒன்று அல்லது இரண்டு வயதான நாயைக் கேளுங்கள். அதன் அளவும் சுபாவமும் வெளிப்பட்டிருக்கும், பிள்ளைகளோடு ஒத்துப்போகுமா என்பதையும் காப்பகத்தில் நாள்தோறும் அதைப் பார்ப்பவர்கள் உங்களுக்குச் சொல்லக்கூடும். குட்டிகளைத் தேடி எல்லோரும் வருகிறார்கள். வளர்ந்த நாய்கள் கம்பிவலைக்குப் பின்னால் நின்று பார்த்தபடியே வயதாகின்றன. இது எனக்கு எப்போதும் மனவருத்தம் தருகின்ற ஒன்று.

அடுத்து, உங்கள் வளவை நாயின் உயரத்தில் குனிந்து நின்று ஒரு முறை சுற்றிப் பாருங்கள். கேற்றின் அடிப்பகுதிக்கும் சீமெந்துத் தரைக்கும் இடையில் உங்கள் கைமுட்டி நுழையுமானால், சிறிய நாயொன்று அதன் வழியே தலையை நுழைத்துவிடும். கிடுகு வேலியோ பனையோலை வேலியோ என்றால் நிலத்தை ஒட்டிய பகுதியைக் கறையான் அரித்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கும்போது அடைப்பாகத் தெரிந்தாலும் நாய் அதை மூக்கால் தள்ளித் திறந்துவிடும். அந்த அடிப்பகுதிக்குத் தகரமோ கம்பிவலையோ வைத்து அடையுங்கள். கட்டு உயராத பழைய கிணறு இருந்தால் இரும்புச் சட்டம் போட்டு வலையால் மூடும்வரை எந்த விலங்கையும் கொண்டுவர வேண்டாம். வேலியோரத்தில் அலரி நிற்கிறதா, மழை தொடங்கியதும் கார்த்திகைக் கொடி முளைக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டும் நச்சுத் தாவரங்கள், அதிலும் கார்த்திகைக் கிழங்கைக் கிண்டித் தின்னும் குட்டி பிழைப்பது அரிது. மாரிகாலத்தில் முற்றத்தில் வெள்ளம் நிற்கும் வீடானால் படுக்கும் இடம் தரையிலிருந்து சற்று உயர்ந்திருக்க வேண்டும்.

காப்பகத்துக்கு ஒரே நாளில் போய், அன்றே தூக்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். முதல் தடவை பிள்ளைகள் இல்லாமல் போங்கள். நாயின் முரசை, அதாவது பல் ஈறைப் பாருங்கள், வெளிறியிருந்தால் குடற்புழுவோ உண்ணிக் காய்ச்சலோ இருக்கலாம். காதின் உட்புறத்தையும் கால்விரல்களின் இடுக்கையும் விரித்துப் பார்த்தால் உண்ணிகள் ஒளிந்திருப்பது தெரியும். இவை இருப்பதனால் நாயை வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் இவை மருந்தால் தீரக்கூடியவை. ஆனால் எதை எடுத்துவருகிறோம் என்று தெரிந்து எடுத்துவர வேண்டும். எப்படி அங்கே வந்து சேர்ந்தது, என்னென்ன ஊசி எந்தத் திகதியில் போடப்பட்டது, கருத்தடைச் சத்திரசிகிச்சை செய்யப்பட்டதா, ஆண்களைக் கண்டோ தும்புத்தடியைக் கண்டோ பயப்படுகிறதா என்று கேளுங்கள். ஊசி அட்டையைக் கையில் வாங்கிக்கொண்டே வெளியேறுங்கள். நாய்களைப் பதிவு செய்வதற்கு 1901 ஆம் ஆண்டிலேயே இலங்கையில் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. ஆகவே உங்கள் பகுதி உள்ளூராட்சி மன்றத்தில் பதிவு பற்றியும் விசாரித்து வையுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போது மோட்டார் சைக்கிளில் மடியில் வைத்துக்கொண்டு வர வேண்டாம்; ஓட்டோவில் கூடையிலோ பட்டி கட்டியோ கொண்டுவாருங்கள். பயந்த நாய் பாதையில் குதித்து ஓடினால், அறியாத ஊரில் அதைத் தேடிப் பிடிப்பது மிகக் கடினம்.

கேள்வி: கடந்த ஆண்டு நாங்கள் எடுத்து வந்த குட்டி வாந்தியும் இரத்தக் கழிச்சலுமாகி நான்கு நாட்களில் இறந்துவிட்டது. மனம் தேறி, இப்போது காப்பகத்திலிருந்து வேறொரு குட்டியை எடுக்க எண்ணுகிறோம். எடுக்கலாமா?
— வாசகர், சாவகச்சேரி

பதில்: நீங்கள் விவரித்திருக்கும் குறிகள் பார்வோ வைரசு நோயைப் பெரிதும் ஒத்திருக்கின்றன. அந்த வைரசைப் பொறுத்தவரை நீங்கள் அறிந்திருக்க வேண்டியது, அது நாயோடு செத்துப்போவதில்லை என்பதாகும். கழிச்சல் விழுந்த நிழலான மண்ணில் மாதக்கணக்கில், சில வேளை ஓராண்டுக்கு மேலும், அது உயிர்ப்போடு கிடக்கும். சாதாரண சவர்க்காரமும் கிருமிநாசினிகள் பலவும் அதை அழிப்பதில்லை. சீமெந்துத் தரை, உணவுத் தட்டு ஆகியவற்றை நன்றாகக் கழுவி, குளோரின் கரைத்த நீரைப் பத்து நிமிடமாவது ஊறவிட்டுக் கழுவினால் அழியும். மண்ணுக்கு அந்த வழி பயன்படாது. பழைய துணிகளையும் சாக்கையும் எரித்துவிடுங்கள்.

ஆகவே ஊசி முழுமை பெறாத குட்டியை இப்போது உங்கள் வளவுக்குள் விட வேண்டாம். குட்டிகளுக்கான கூட்டுத் தடுப்பூசி ஆறாம், எட்டாம் வாரமளவில் தொடங்கி, சில வார இடைவெளியில் பதினாறாம் வாரம் வரை தொடர வேண்டியது. தாய்ப்பாலால் கிடைத்த எதிர்ப்புச் சக்தி ஊசியின் வேலையைத் தடுத்துவிடும் என்பதாலேயே ஒன்றோடு நிறுத்தாமல் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள். “ஒரு ஊசி போட்டாயிற்று” என்று கேட்டு ஆறுதலடைந்துவிடாதீர்கள். எல்லா ஊசியும் முடிந்த, வளர்ந்த நாயொன்றை எடுத்தால் உங்கள் வளவு அதற்குப் பெரும்பாலும் ஆபத்தானதாக இராது. ஒரு குட்டியை இழந்த வீடு மீண்டும் ஒன்றை ஏற்க முன்வருவது எனக்கு மகிழ்ச்சியளிக்கிறது. அந்த மனத்துக்கு இரண்டாம் தடவையும் அதே துயரம் நேரக்கூடாது.

கேள்வி: காப்பகத்தில் பெட்டை நாய்களே அதிகம் என்கிறார்கள். கடுவன் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லதா?
— வாசகர், மானிப்பாய்

பதில்: பெட்டைகள் அதிகமாக இருப்பதற்குக் காரணமே, எல்லோரும் உங்களைப் போலக் காத்திருப்பதுதான். நாய் குட்டி போட்டதும் கடுவன் குட்டிகளுக்கு அயல் வீடுகளில் இடம் கிடைத்துவிடுகிறது. பெட்டைகளைச் சாக்கில் கட்டிச் சந்தை வாசலிலும் பாடசாலை மதிலோரத்திலும் கோயில் வீதியிலும் விட்டுவிட்டுப் போகிறார்கள். கண் திறந்து இரண்டு வாரம்கூட ஆகாத குட்டிகளை அப்படி விட்டுச் செல்வதைப் பார்த்திருக்கிறேன். வைரவர் கோயில் இல்லாத ஒழுங்கையே அரிது என்று சொல்லத்தக்க ஊரில், வைரவரின் வாகனத்தை இப்படி நடத்துகிறோம்.

பெட்டை குறித்த அச்சத்துக்குக் காரணம் குட்டி போடும் என்பது மட்டுமே. அதற்குச் சத்திரசிகிச்சை என்ற நிரந்தரத் தீர்வு உண்டு. பெட்டை நாய் ஆறாம் மாதத்துக்கும் ஓராண்டுக்கும் இடையில் முதற் பருவத்துக்கு வரும், பின்னர் ஏறத்தாழ ஆண்டுக்கு இரு முறை. கருவுற்றால் சுமார் 63 நாட்களில் குட்டிகள் பிறந்துவிடும். சத்திரசிகிச்சை செய்துவிட்டால் ஒழுங்கை முழுவதிலுமுள்ள கடுவன்கள் உங்கள் படலையில் வந்து கூடுவதும் நின்றுவிடும்; வயது போன பெட்டைகளை அடிக்கடி கொண்டுபோகும் கருப்பைச் சீழ் நோயும் வராது. பெட்டைக்குக் காவல் உணர்வு குறைவு என்ற எண்ணம் சரியல்ல. சத்திரசிகிச்சை செய்யாத கடுவன் பருவ நாட்களில் பெட்டையைத் தேடி மதில் ஏறிப் போய்ச் சண்டையில் காயப்பட்டோ வாகனத்தில் அடிபட்டோ வருவதைக் கணக்கில் எடுத்தால், பெட்டையே வீட்டோடு இருப்பது. காத்திருக்க வேண்டாம் ஐயா, பெட்டையை எடுங்கள்.

கேள்வி: நாங்கள் சைவ உணவு மட்டும் உண்ணும் குடும்பம். வீட்டில் முட்டைகூடச் சமைப்பதில்லை. எலித்தொல்லை இருப்பதாலும், மகள் ஆசைப்படுவதாலும் பூனையொன்றை எடுத்து, பால்சோறும் பருப்பும் கொடுத்து வளர்க்கலாம் என்று எண்ணுகிறோம். வீட்டில் ஏற்கனவே ஒரு நாய் இருக்கிறது. இது சரிவருமா?
— ஓய்வுபெற்ற ஆசிரியை, இணுவில்

பதில்: பால்சோற்றிலும் பருப்பிலும் பூனை வாழ முடியாது, அம்மா. எடுத்த பின் தெரிந்துகொள்வதிலும் எடுப்பதற்கு முன் தெரிந்துகொள்வது நல்லது என்பதால் நேராகவே சொல்லுகிறேன்.

நாயின் உடல் பலவகை உணவிலும் தேவையானவற்றைப் பெற்றுக்கொள்ளும். பூனை அப்படியல்ல, அது ஊனுண்ணியாகவே படைக்கப்பட்டது. டோரின் என்னும் சத்தைப் பூனையின் உடலால் போதிய அளவு ஆக்கிக்கொள்ள இயலாது. அது இறைச்சியிலும் மீனிலும் இருக்கிறது, அரிசியிலும் பருப்பிலும் இல்லை. டோரின் குறைந்தால் பூனையின் விழித்திரை சிதைந்து பார்வை போகும் என்பது 1975 ஆம் ஆண்டில் ஆய்வால் அறியப்பட்டது. 1987 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள், இதயத் தசை தளர்ந்து பூனைகள் இறப்பதற்கும் அதே குறைபாடே காரணம் என்று காட்டினார்கள். அதன் பிறகே பூனைத் தீனி உற்பத்தியாளர்கள் டோரினைக் கூடுதலாகச் சேர்க்கத் தொடங்கினார்கள். பார்வைக் குறைபாடும் இதய நோயும் வெளித்தெரிவதற்கு மாதங்கள், ஆண்டுகள்கூட ஆகும்; அதுவரை பூனை நன்றாக இருப்பதாகவே தோன்றும். எலி பிடித்துத் தின்று குறையை நிரப்பிக்கொள்ளும் என்று விட்டுவிடவும் முடியாது. பாலும் வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குக் கழிச்சலை உண்டாக்கும்.

உங்கள் ஆசாரத்தை நான் மதிக்கிறேன், அதைக் கைவிடும்படி சொல்லவில்லை. பொதியில் வரும் உலர்ந்த பூனைத் தீனியை அடுக்களைக்கும் சுவாமி அறைக்கும் எட்டாத பின் விறாந்தையில் மூடிய ரின்னில் வைத்து, அதற்கென்று தனித் தட்டு, தனிக் கரண்டி வைத்துக் கொடுக்க வீட்டார் அனைவரும் மனமொப்பினால் பூனையை எடுங்கள். அதுவும் முடியாதென்றால் எடுக்காமல் விடுவதே அந்தப் பூனைக்குச் செய்யும் நன்மை. உங்கள் நாய்க்குச் சைவ உணவு கொடுப்பதாயின் தயிர், பருப்பு, கடலை போன்ற புரத உணவுகள் போதிய அளவு இருக்கும்படி வைத்தியரிடம் கேட்டு ஒழுங்குபடுத்துங்கள். கறியை மட்டும் ஊற்றிப் பிசைய வேண்டாம். நம் கறிகளில் நிறைந்திருக்கும் சின்ன வெங்காயம், சமைத்தாலும் சமைக்காவிட்டாலும், நாய் பூனைகளின் செங்குருதிக் கலங்களைச் சிதைத்துச் சோகையை ஏற்படுத்தும். சோற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டுத் தாளிப்பதற்கு முன்னர் பருப்பில் ஒரு கரண்டி எடுப்பது பெரிய வேலையல்ல.

இரண்டும் வீட்டில் இருக்கப் போவதால் இன்னுமொன்று: நாய்க்கு உண்ணி நீக்கப் பூசும் சில மருந்துகளிலுள்ள பெர்மெத்ரின் பூனையைக் கொன்றுவிடும். காய்ச்சலுக்கு நாம் போடும் பனடோலில் ஒரு துண்டும் அப்படியே. தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சி மருந்தை நாயின் மேல் ஊற்றி உண்ணி கழுவும் வழக்கத்தையும் தயவுசெய்து எவரும் செய்ய வேண்டாம்.

கேள்வி: நானும் மனைவியும் ஓய்வூதியர்கள். பிள்ளைகள் மூவரும் கனடாவில். வீடு வெறிச்சோடிக் கிடப்பதால் துணைக்கு ஒரு நாயை எடுக்க விரும்புகிறோம். ஆனால் பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாதம்வரை போய்த் தங்கி வருவது வழக்கம். அந்நாட்களில் வளவைப் பார்க்கும் ஆள் சோறு வைப்பார். இது போதுமா?
— வாசகர், சுன்னாகம்

பதில்: போதாது, ஐயா. உங்கள் தனிமையை நான் உணர்கிறேன். பூட்டிய வீடுகள் வரிசையாக நிற்கும் ஒழுங்கைகளில் ஒரு குரைப்புச் சத்தமும் ஆறுதல்தான். ஆனால் நாய்க்குச் சோறு மட்டும் போதுவதில்லை. நீங்கள் புறப்பட்ட மறுநாள் அது கேற்றடியில் படுக்கத் தொடங்கும். ஆள் வராத நாளொன்றில் பசியால் வெளியே போகும், வேறு நாய்களின் எல்லைக்குள் கடிபடும், வாகனத்தில் அடிபடும். நீங்கள் திரும்பி வரும்போது “எங்கேயோ போய்விட்டது” என்று ஒரு வாக்கியம் மட்டுமே உங்களுக்குக் கிடைக்கும்.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி போரால் இடம்பெயர்ந்து வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எத்தனையோ வீடுகளின் நாய்கள் படலையில் நின்றபடி விடப்பட்டன. அன்று எவருக்கும் வேறு வழி இருக்கவில்லை. விட்டுப் போனவர்கள் இன்றுவரை அதைச் சொல்லி வருந்துகிறார்கள். பயணச்சீட்டைப் பல வாரங்களுக்கு முன்னரே எடுத்து வைத்திருக்கும் நமக்கு வழி இருக்கிறது, நேரமும் இருக்கிறது.

உங்களுக்கு ஏற்ற வழிகள் இரண்டைச் சொல்லுகிறேன். காப்பகத்தோடு பேசி, சத்திரசிகிச்சைக்குப் பின் தேறிவரும் நாயையோ, தாயில்லாக் குட்டிகளையோ சில வாரங்களுக்கு மட்டும் வீட்டில் வைத்துப் பராமரிக்கலாமா என்று கேளுங்கள். பல காப்பகங்களில் இடமும் ஆட்களும் பற்றாக்குறையாகவே இருப்பதனால் நம்பகமான வீடொன்று அவர்களுக்குப் பெரும் உதவியாக அமையும், நீங்கள் ஊரில் இருக்கும் மாதங்களும் நிறையும். இல்லை, எங்களுக்கென்று ஒன்றே வேண்டும் என்றால், எட்டு, ஒன்பது வயதான அமைதியான நாயை எடுங்கள். அதற்கு முன்னர், நீங்கள் இல்லாதபோது அந்த நாயைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளக்கூடிய உறவினரையோ அயலவரையோ கண்டுபிடியுங்கள். அவர் நாயோடு முதல் நாளிலிருந்தே பழகட்டும். உணவுச் செலவு, வைத்தியச் செலவு, எந்த வைத்தியர், நீங்கள் நோய்வாய்ப்பட்டுத் திரும்பி வர இயலாமற் போனால் நாய் யாருடையது என்பவற்றை எழுதி ஒரு பிரதியைக் காப்பகத்திடமும் கொடுத்து வையுங்கள். அப்படியொருவர் கிடைக்கும்வரை நாயை எடுக்க வேண்டாம்.

கேள்வி: யாரோ ஒழுங்கையில் விட்டுச் சென்ற பூனைக்குட்டியைக் காப்பகத்தில் சேர்க்கலாம் என்று தூக்கியபோது அது என் பேரனின் கையைக் கீறிக் கடித்துவிட்டது. மஞ்சள் பூசிவிட்டோம். சிறு குட்டிதானே, வைத்தியசாலைக்குப் போக வேண்டுமா?
— வாசகி, பருத்தித்துறை

பதில்: இக்கடிதம் கிடைத்ததும் இதழ் வெளிவரும்வரை காத்திராமல், உடனே வைத்தியசாலைக்குப் போகும்படி தொலைபேசியில் சொல்லிவிட்டோம். மற்றவர்களின் நன்மைக்காக இங்கும் எழுதுகிறேன்.

விசர்நாய்க்கடி என்று நாம் சொல்லும் நீர்வெறுப்பு நோய் நாயால் மட்டுமன்றிப் பூனையாலும், குட்டிகளாலும் பரவும். நோய்க்குறி வெளிப்படுவதற்குச் சில நாட்கள் முன்னதாகவே உமிழ்நீரில் வைரசு வந்துவிடுவதால், பார்ப்பதற்கு நன்றாக இருக்கும் குட்டியை நம்பியிருக்க முடியாது. மனிதரில் குறிகள் தொடங்கிவிட்டால் ஏறத்தாழ எல்லோரும் இறந்துவிடுகிறார்கள். ஆனால் அதற்கு முன் உரிய நேரத்தில் ஊசி போட்டால் முற்றாகத் தடுக்கலாம். கடிபட்ட இடத்தை உடனே ஓடும் நீரில் சவர்க்காரம் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள், ஏனெனில் அது நாம் எண்ணுவதிலும் நீண்ட நேரம். மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் பூச வேண்டாம். பிறகு அரச வைத்தியசாலைக்குப் போங்கள், அங்கே ஊசி இலவசம். கடித்த விலங்கை அடித்துக் கொல்லவோ விரட்டவோ கூடாது. வைத்தியர் சொல்லும் நாட்கள்வரை அடைத்து வைத்துக் கவனிக்க வேண்டும், அதன் நிலையே சிகிச்சையைத் தீர்மானிக்க உதவும்.

தத்தெடுப்பவர்களுக்கு: நாய்க்கும் பூனைக்கும் மூன்று மாத வயதில் இந்த ஊசி கட்டாயம். அதற்கு முன் போடப்பட்டிருந்தாலும் மூன்றாம் மாதத்தில் மீண்டும் போட்டு, பின்னர் ஆண்டுதோறும் தொடருங்கள். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடுவதில்லை, சில வாரங்கள் செல்லும்.

கேள்வி: ஊர் நாயை எடுப்பதிலும் பணம் கொடுத்து அல்சேசன் வாங்குவது காவலுக்கு நல்லதல்லவா?
— இளைஞர், வல்வெட்டித்துறை

பதில்: தம்பி, தடித்த உரோமம் கொண்ட அந்த இனம் நம் வைகாசி வெயிலில் படும் பாட்டையும், இடுப்பு மூட்டு நோய் அதற்கு எளிதில் வருவதையும் விற்பவர்கள் சொல்ல மாட்டார்கள். நம் ஊர் நாய் இந்த வெயிலுக்கும் இந்த மண்ணுக்கும் தலைமுறை தலைமுறையாகப் பழகியது, அந்நியரை அறிந்து குரைக்கும், குறைந்த செலவில் நலமாக வாழும். காவலுக்கு அது போதும்.

கேள்வி: தத்தெடுக்கும் நாயைப் பகலில் சங்கிலியில் கட்டி வைக்கலாமா?
— வாசகர், உரும்பிராய்

பதில்: யாராவது வரும் நேரத்துக்குச் சிறிது கட்டலாம், பகல் முழுவதும் கட்டுவதற்காக ஒரு நாயை எடுக்க வேண்டாம். கட்டியே கிடக்கும் நாய்க்குப் பயமும் கோபமும் கூடுகின்றன, அவிழ்ந்த அன்று கடிப்பதும் பெரும்பாலும் அத்தகைய நாயே. வேலி சரியில்லாமையால் கட்டுகிறீர்கள் என்றால் அந்தப் பணத்தை வேலிக்குச் செலவழியுங்கள். கழுத்துப் பட்டிக்கும் கழுத்துக்கும் இடையில் இரண்டு விரல்கள் நுழைய வேண்டும், குட்டியானால் கிழமைதோறும் பார்த்துத் தளர்த்த வேண்டும். குட்டிப் பருவத்தில் கட்டிய நைலோன் கயிறு, கழுத்து வளர வளரத் தோலை அறுத்துக்கொண்டு உள்ளே போய், மேலே உரோமம் மூடிவிட, நாற்றத்தால் மட்டுமே கண்டுபிடிக்கப்பட்ட நாய்களுக்கு நான் சத்திரசிகிச்சை செய்திருக்கிறேன். கயிற்றைத் துண்டு துண்டாகச் சதைக்குள்ளிருந்து எடுக்க வேண்டியிருந்தது. அவற்றின் உரிமையாளர்கள் கொடியவர்களல்லர். நாள்தோறும் சோறு வைத்தவர்கள், கழுத்தை மட்டும் தொட்டுப் பாராதவர்கள்.

கேள்வி: காப்பகத்திலிருந்து மூன்று வயது நாயொன்றை எடுத்து வந்தோம். ஒரு கிழமையாகக் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்கிறது. சாப்பிடும்போது பக்கத்தில் போனால் உறுமுகிறது. அயலவர்கள் “குணம் கெட்ட நாய், கொண்டுபோய் விட்டுவிடுங்கள்” என்கிறார்கள். என்ன செய்வது?
— இளம் தம்பதியினர், திருநெல்வேலி

பதில்: ஒரு கிழமை மிகக் குறுகிய காலம். காப்பகங்களில் பணியாற்றுவோர் மூன்று நாள், மூன்று வாரம், மூன்று மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: முதல் மூன்று நாட்களில் நாய் பயந்து ஒடுங்கியிருக்கும், மூன்று வாரமளவில் வீட்டின் ஒழுங்கைப் புரிந்துகொள்ளும், மூன்று மாதமளவில் இது தன் வீடு என்று நம்பத் தொடங்கும். சில நாய்களுக்கு இன்னும் கூடுதலாகச் செல்லும். கட்டிலுக்கு அடியில் கிடப்பது குணக்கேடல்ல. அந்த வீட்டில் அதற்குப் பாதுகாப்பாகத் தோன்றும் ஒரே இடம் அது. இழுத்து வெளியே எடுக்காதீர்கள், அயலவர்களை அழைத்துக் காட்டாதீர்கள். ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் உணவு வையுங்கள். மாலையில் அதன் பக்கம் பாராமல் தரையில் சிறிது நேரம் உட்கார்ந்து மெதுவாகப் பேசிக்கொண்டிருங்கள். அருகில் கோயில் திருவிழா வெடியோ கலியாண வீட்டு வெடியோ இருந்தால் அன்று கதவுகளைச் சாத்தி உள்ளே வைத்திருங்கள். புதிதாக வந்த நாய்கள் காணாமற் போவது பெரும்பாலும் அத்தகைய இரவுகளில்தான்.

உறுமல் ஓர் எச்சரிக்கை மட்டுமே. பல நாய்களோடு போட்டியிட்டு உண்ட விலங்கு தட்டைக் காக்கப் பழகியிருக்கிறது. உறுமியதற்காக அடித்தால், அடுத்த தடவை எச்சரிக்காமல் கடிக்கும். தட்டைப் பறித்துப் பழக்குவது என்ற வழக்கமும் தவறு. அது உண்ணும்போது நாலைந்து அடி தூரத்தில் நின்று, தட்டிலிருப்பதை விடச் சுவையான ஒன்றை, முள் நீக்கி அவித்த சூடை மீனில் ஒரு துண்டை, அதன் பக்கம் போட்டுவிட்டுத் திரும்பி நடவுங்கள். நாள்தோறும் இதைச் செய்து, அதன் உடல் இறுகாமல் இருக்கும் அளவுக்கு மட்டும் சிறிது சிறிதாக நெருங்குங்கள். நீங்கள் வருவது எடுக்க அல்ல, கொடுக்க என்று அதற்குப் புரிய வேண்டும். சிறு பிள்ளைகள் வந்தால் உணவு நேரத்தில் அருகே விட வேண்டாம். அத்தோடு ஒருமுறை கால்நடை வைத்தியரிடம் காட்டுங்கள். பல்வலி, காதுச் சீழ், உண்ணிக் காய்ச்சல் இருக்கும் நாயும் உறுமும், உண்ணாமலும் கிடக்கும்.

இவ்வளவும் செய்து மாதங்கள் கடந்தும், வைத்தியரின் ஆலோசனைப்படி நடந்தும், வீட்டில் ஒருவருக்கு ஆபத்து என்ற நிலை தொடர்ந்தால், எடுத்த காப்பகத்துக்கே தொலைபேசியில் பேசி, நடந்தவற்றை ஒளிக்காமல் சொல்லித் திருப்பி ஒப்படையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீங்கள் சொல்லும் விவரங்கள் அந்த நாய்க்குப் பொருத்தமான வேறு வீட்டைத் தேட அவர்களுக்கு உதவும். அயலவர்கள் “விட்டுவிடுங்கள்” என்று சொல்வது சந்தைப் பக்கம் கொண்டுபோய் இறக்கிவிடுவதை என்றால், அதை எந்த நிலையிலும் செய்ய வேண்டாம். இப்போதைக்கு உங்கள் கடிதத்தில் அப்படியொரு ஆபத்து இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கட்டிலுக்கு அடியில் ஒரு சாக்கை விரித்துக் கொடுத்து, தண்ணீர்ச் சட்டியை அருகில் வையுங்கள். ஒரு மாதம் கழித்து நிலைமையை எழுதுங்கள், அதற்கேற்பப் பதில் தருகிறேன்.